பேர்ச்சோறு

பசெமெரா காட்டு வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது போர்ட்டல் டவுனுக்குப் போகும் ரோட்டோரத்தில் வாழைத்தார் விற்கிறாள். வண்டியை நிறுத்தி யாராவது பேரம் பேசினால், கேட்ட விலைக்கே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். எங்கள் டோரோ நாட்டில் இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய பசெமெரா வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள்.

நான் காட்டு ஓரத்து ஆராய்ச்சி முகாமில் சமையல்காரி. சிம்பன்சிகளைப் பார்க்க எந்தெந்த தேசத்திலிருந்தோ வருகிறவர்களுக்குப் பல வருஷமாகப் பயறு வேகவைத்துப் போடுகிறேன். பசெமெரா அங்கே தடம் பார்க்கிறவளாக இருந்தாள். விடிவதற்குள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், சிம்பன்சிகள் மரத்தில் கூடு கட்டிப் படுக்கும்வரை பின்னாலேயே நடப்பாள். புருஷன் கம்பாலாவுக்கு லாரி ஓட்டப் போனவன், போனவன்தான்.

முகாம் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்து, இரண்டாம் ராத்திரியே செத்துப்போனது. எங்களில் ஒவ்வொருவருக்கும் பேரோடு கூட ஓர் அன்புப்பேர் உண்டு. அவளுக்கு அப்வோலி, எனக்கு அகீகி. மொத்தம் ஒரு டஜன் பேர்தான், அதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓட்டுகிறோம். பெண் குழந்தைக்கு மூன்றாம் நாள், ஆணுக்கு நான்காம் நாள், கேழ்வரகுக் களி கிண்டி, வீட்டார் எல்லாரும் ஒரே கூடையில் கைவைத்துச் சாப்பிட்டு அந்தப் பேரை வைப்போம். அதுதான் பேர்ச்சோறு. அதற்கு முன்னால் போய்விட்ட பிள்ளைக்கு எங்கள் பக்கம் ஊர் கூடுவதில்லை, அழுவதுமில்லை. வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் பெண்களாகப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வோம்.

காலையில் யாரைப் பார்த்தாலும் அன்புப்பேர் சொல்லி, ராத்திரி எப்படிப் போனது என்று கேட்பது எங்கள் வழக்கம். புதைத்த மறுநாள் அவள் தண்ணீருக்கு வந்தபோது வழியில் எல்லாரும், "ராத்திரி எப்படிப் போச்சு, அப்வோலி?" என்று கேட்டார்கள். அவள் எல்லாருக்கும், "நல்லாப் போச்சு" என்றாள். நானும் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான்.

முகாமில் அவளுக்கு உயிர் முகேனி. வேறு கூட்டத்திலிருந்து தனியாக வந்து சேர்ந்த பெண் சிம்பன்சி. விருந்தாளி என்று அர்த்தம் வருகிற மாதிரி எங்கள் ஆட்கள்தான் அந்தப் பேரை வைத்தார்கள். உள்ளூர்ப் பெண் சிம்பன்சிகள் அதை அடித்த அடியில் காது கிழிந்துபோனது. பழம் தின்னக்கூட ஓரமாகத்தான் உட்காரும்.

"நானும் வாக்கப்பட்டு வந்தப்ப இப்படித்தான் அடுப்பங்கரை ஓரமா உக்காந்திருந்தேன்," என்பாள் பசெமெரா.

"உன் காதை யாரும் கிழிக்கலையே."

"என் மாமியாருக்குப் பல்லு இல்ல, அகீகி."

அப்படிச் சிரிக்க வைத்தவள் அவள். முகேனி கடைசியில் ஒரு குட்டி போட்டது. முகாமில் குட்டிக்கு ஒரு வயசு ஆகாமல் பேர் வைக்க மாட்டார்கள். நிறையக் குட்டிகள் செத்துப்போகுமாம், அதனால் முகேனியின் குட்டி என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். பசெமெராவுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

மனுஷருக்கு வரும் சளி சிம்பன்சிக்குத் தொற்றினால் சாவுதான். அதனால் காலையில் வாசலில் டாக்டர் நமுகாசா நிற்பார். முகாமுக்கே தலைவி, கம்பாலாக்காரர், கண்டிப்பானவர். நெற்றியில் கருவியைக் காட்டிவிட்டு மூன்று கேள்வி கேட்பார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கூட்டத்துக்குப் போனீர்களா. சாவு, கல்யாணம், சந்தை, சர்ச் என்று எங்கே போயிருந்தாலும் ஒரு வாரம் காட்டுப் பக்கம் போகக் கூடாது. பசெமெரா இதில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பெரியப்பா சாவுக்குப் போய்விட்டு வந்து, ஒரு வாரம் என் சமையலறையில் உட்கார்ந்து மரவள்ளி உரித்தாள்.

அவளுடைய தம்பி ககேரு. அவன் பெண்டாட்டிக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாகப் பிள்ளை பிறந்தது. நோஞ்சான் பிள்ளை. பேர்ச்சோற்றுக்கு அத்தை இல்லாமல் ஆகாது. அத்தை மடியில்தான் பிள்ளை இருக்க வேண்டும், அத்தைதான் முதல் கவளம் எடுக்க வேண்டும். பசெமெரா விடுப்பு நாளில் மலைமேல் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனாள். பேர் வைத்து முடிக்கும்வரை பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லையாம். கூடையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அதில் இரண்டு பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் வாசலில் டாக்டர், "கூட்டம்?" என்று கேட்டார். பசெமெரா, "இல்ல, டாக்டர்" என்றாள். அது பொய்யில்லை. பேர்ச்சோற்றை எங்களில் யாரும் கூட்டம் என்று சொல்ல மாட்டோம். அது சொந்த வீட்டில் சாப்பிடும் சாப்பாடு. என்னைக் கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பத்து நாளில் காட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. மனுஷ இருமல் மாதிரியே இருக்கும் அது. நான் அடுப்படியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கிழட்டு ஆண் ஒன்று முதலில் செத்தது. அப்புறம் முகேனியின் குட்டி.

முகேனி குட்டியைக் கீழே போடவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மரம் ஏறியது, இறங்கியது. ஈ மொய்த்தால் கையால் ஓட்டியது. முகாமில் இருந்த மாணவர்களுக்கு இதைப் பற்றித்தான் ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு. ஜெர்மன்காரப் பையன் தியேஸ், குட்டி செத்தது அதற்குத் தெரியாது, தூக்கிப் பழகின கை தூக்குகிறது, அவ்வளவுதான் என்றான். ஜப்பான்காரப் பெண் மிசுகி, தெரியும், அது துக்கம்தான் என்றாள். இதைப் பற்றி உலகம் பூராவும் சண்டையாம். ஆளுக்கொரு பக்கம் கட்டுரை எழுதுகிறார்களாம். என் பயறு ஆறி அவலாய்ப் போனது.

"நீங்க தினம் பாக்கறீங்களே, அப்வோலி. உங்களுக்கு என்ன தோணுது?" என்று மிசுகி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தோணல," என்றாள் பசெமெரா. தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் நமுகாசாவுக்கு அந்தச் சண்டையில் அக்கறையில்லை. "இது நம்ம ஆளுங்ககிட்ட இருந்து போன சளி. எப்படிப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல. முகமூடி போடறோம், தனித் தட்டுல சாப்பிடறோம்."

தியேஸ் சொன்னான்: "சளி பிடிச்சவங்களோட ஒரே பாத்திரத்துல கை வெச்சாலே போதுமே, டாக்டர்."

பசெமெராவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் எதிரில் கரண்டியோடு நின்றிருந்தேன், பார்த்தேன்.

"டாக்டர்," என்றாள். "பேர்ச்சோறு கூட்டத்துல சேர்த்தியா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லையே. நான்தான் விளக்கினேன். கூடை, அத்தை, முதல் கவளம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிப்போனது.

"சேர்த்திதான், அப்வோலி," என்றார் டாக்டர்.

அப்புறம் டாக்டரே, "ஆனா உங்களாலன்னு சொல்ல முடியாது. தியேஸுக்கும் அந்த வாரம் தும்மல் இருந்திச்சு. குட்டியோட உடம்பாவது கிடைச்சா சோதனை பண்ணிப் பாக்கலாம். அதுவரைக்கும் யாரும் யாரையும் சொல்லாதீங்க" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் பசெமெராவின் காதில் அது ஏறவில்லை.

குட்டியின் உடம்பை முகேனி கீழே விடும்போது எடுத்து வர யாராவது கூடவே போக வேண்டும். பக்கத்தில் போனால் முகேனி மிரளாதது பசெமெராவிடம் மட்டும்தான். பேர்ச்சோறு முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவளுக்கு இருமலும் இல்லை. நானே போகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நாள்தோறும் போனாள். இருட்டியபின் திரும்பி என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைச் சூட்டில் காட்டிக்கொண்டிருப்பாள். என்ன ஆச்சு என்று கேட்டால், "இன்னும் வெச்சிருக்கா" என்பாள்.

குட்டி காய்ந்து தோலாகப் போனபின் ஒருநாள் முகேனி அதை அத்திமரத்தடியில் வைத்துவிட்டு நகர்ந்தது. பசெமெரா அது கண்ணை விட்டு மறையும்வரை காத்திருந்து, கையுறை போட்டு எடுத்துப் பையில் வைத்துக் கட்டினாள். அன்று சாயங்காலம் டாக்டரிடம் பையைக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"திரும்பி வந்தா, அகீகி."

"யாரு?"

"முகேனி. வெச்ச இடத்துல பாத்தா. இலையெல்லாம் வாரிப் பாத்தா. மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தா. நான் பையோட மரத்துக்குப் பின்னால நிக்கறேன்."

"குடுத்திருக்க வேண்டியதுதானே, பைத்தியமே," என்றேன். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை.

"எப்படிக் குடுக்கறது? டாக்டருக்கு அது வேணுமே. மத்ததுங்க பிழைக்கணுமே."

பூட்ஸைக் கழற்றி என் கதவோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டாக்டர் பலமுறை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். சோதனை முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்தது. சாதாரண மனுஷச் சளிதான். யாருடைய சளி என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் ஓடிப்போய் இதைச் சொன்னேன். பசெமெரா, "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வாழைத்தாரைத் திருப்பி வைத்தாள்.

தம்பி பிள்ளை பிழைத்துக்கொண்டான். கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கிறான், அத்தை அத்தை என்று அவள் முதுகில் ஏறுகிறான். ஆனால் அவன் இருமினால் அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

தியேஸும் மிசுகியும் ஊருக்குப் போய் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்களாம். போர்ட்டல் ரேடியோவில் கூடச் செய்தி வந்தது. மனிதக்குரங்குக்குத் துக்கம் உண்டா, இல்லையா என்று கேட்டுவிட்டு, என் பெண்டாட்டியைக் கேட்டால் எனக்கே இல்லை என்பாள் என்று சொல்லி அந்த அறிவிப்பாளன் சிரித்தான். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

இந்த வருஷம் முகேனியின் அடுத்த குட்டிக்கு ஒரு வயசு முடிந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பேர் வைக்கிற உரிமையை அப்வோலிக்குக் கொடுக்கிறோம், போய்ச் சொல் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பசெமெரா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு வேண்டாம். அந்தப் பழசுக்கு வைக்கச் சொல்லு."

நான் திரும்பிப் போய்ச் சொன்னதும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "உயிரோட இருக்கறதுக்குத்தான் பேர் வைக்க முடியும், அகீகி. சட்டம் அப்படி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு தீய்ந்தது. யாருடைய சட்டம், எதற்குச் சட்டம் என்று பாத்திரங்களோடு சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகாமல், கேழ்வரகு அரைத்துக் களி கிண்டி, காளான் குழம்பும் வைத்து, மூடிபோட்ட கூடையோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ராத்திரி எப்படிப் போச்சு, அப்வோலி?"

"நல்லாப் போச்சு. என்ன இது?"

"பேர்ச்சோறு. உக்காரு. பழசுக்குப் பேர் வை. யார் வந்து தடுக்கறான்னு நான் பாக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். கூடைக்குள் கையை விட்டுக் கொஞ்சம் களி கிள்ளினாள். உருட்டினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளை செத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"கொன்னவ பேர் வைக்கக் கூடாது, அகீகி."

நீ கொல்லவில்லை என்று சொன்னால் அவள் கேட்கப்போவதில்லை. அதனால் நானே ஒரு கவளம் எடுத்துக் குழம்பில் தொட்டு விழுங்கினேன்.

"சரி, நான் வைக்கறேன். அத்வோகி. முகேனியோட மூத்த குட்டிக்குப் பேர் அத்வோகி. நீ கூடச் சாப்பிட்டாத்தான் பேர் நிக்கும். சாப்பிடு."

அவள் கையிலிருந்ததை வாயில் போட்டு மென்றாள். கண்ணீரும் களியுமாக விழுங்கினாள். பேர் வைத்த பிள்ளையை எல்லாரும் ஒருமுறை பேர் சொல்லி விசாரிக்க வேண்டும், அதுதான் முறை. அவள் எழுந்து வாசலுக்கு வந்து காட்டுப் பக்கம் பார்த்து நின்றாள்.

"ராத்திரி எப்படிப் போச்சு, அத்வோகி?" என்று கேட்டாள்.

முடிந்தது என்று நினைத்துக் கூடையை மூடினேன். அவள் உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் போனேன். பெண்ணைப் புதைத்த வாழையடியில் குனிந்து, தரையைத் தடவிக்கொண்டே, அதே பேரைச் சொல்லி அதையே இன்னொரு தடவை கேட்டாள்.