சாந்திக்கு நான் சொன்ன பாடம்

தொண்ணூறுகளில் கனடாவின் ரொறன்ரோவில் மருத்துவக் கனவோடு உயிரியல் படித்தபோது, எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இருவர்தான்: நானும் சாந்தியும். அவள் எப்போதும் என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மூன்றாம் ஆண்டுக்கு விருப்பப்பாடம் தெரிவுசெய்யும்போது கேட்டாள்: "முளையவியல் எப்பிடி? உம்மட அண்ணை படிச்சவரெல்லே?"

"சரியான லேசு. யோசிக்காமல் எடும்."

அண்ணை அதில் இரண்டுமுறை தவறியவர். நான் சூழலியலை எடுத்தேன்.

சாந்தியும் தவறினாள். நூலக வாசலில் என்னை மறித்தாள்.

"தெரிஞ்சுகொண்டுதானே சொன்னனீர்?"

"ஓம். நீர் என்னை நம்பினது ஆருடைய பிழை?" என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

இன்று நோயாளிகள், "நீங்கள் சொன்னால் சரி, டொக்டர்" என்கிறார்கள். ஒவ்வொருமுறையும் எனக்கு உடல் கூசுகிறது.