அளவுத்தாளில் ஒரு திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை, காலண்டர் சீசன் நெருக்கடியில் அச்சு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை போன் செய்தாள். "அண்ணே, முத்துச்செல்வி போயிட்டா." காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த நான்காம் நாள். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் முத்துச்செல்வி கடல் மீன் ஆராய்ச்சியாளர். தாயில்பட்டிக்காரர்; பெற்றோர் இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். விருதுநகர்க் கல்லூரியில் என் தங்கையோடு விலங்கியல் படித்தார். மேற்படிப்புக்குக் கடலைத் தேர்ந்தெடுத்தபோது, "கம்மாய்க்கே தண்ணி வராத ஊர்ல பொறந்துட்டு கடல் மீனைப் படிக்கப் போறியாக்கும்" என்று கேலி செய்தவன் நான்தான். "உங்களுக்குக் குழம்புல கெடக்குற மீனு மட்டுந்தான தெரியும் அண்ணாச்சி" என்றார். வாயில் யாருக்கும் சளைத்தவரல்ல.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. வலையில் வரும் சாளை மீன்கள் ஒரு தடவையாவது முட்டையிட்டவையா, அதற்கு முன்பே பிடிபடுகிறவையா? நீளத்தை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். ஏலக்கூடத்தில் வியாபாரிகள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே மில்லிமீட்டர் கோடு அச்சிட்ட தாளில் மீனைக் கிடத்தி, வால் முடியும் இடத்தில் ஊசியால் குத்திவிட்டு அடுத்த மீனுக்குப் போவார். அந்தத் தாளை அடித்துக் கொடுத்தது திருத்தங்கலில் இருக்கும் என் அச்சகம்.

அங்கேதான் கெடுத்தேன். காலண்டரின் மேல்விளிம்பில் தகரத் தகடு அடிக்க இடம் வேண்டுமென்று படத்தை ஒரு நூல் அளவு சுருக்குவது எங்கள் வழக்கம். சாமி படத்தை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அதே கைப்பழக்கத்தில் அவருடைய கோடுகளையும் சுருக்கிவிட்டேன். மூன்று தடவை அடித்தேன். மூன்றும் மூன்று அளவு. கோடுகளின் இடைவெளி சுருங்கினால் கணக்கில் மீன் நீண்டுவிடும். வளராத மீனெல்லாம் வளர்ந்த மீனாகத் தாளில் ஏறிவிட்டது.

ஒரு வருட வேலை முடிந்த பிறகு வந்து, என் மேஜையில் தாளின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்துக் காட்டினார். எந்த மீனை எந்தத் தடவை அடித்த தாளில் அளந்தார் என்ற குறிப்பு இல்லாததால், கணக்குப் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. கொஞ்ச வித்தியாசம்தானே, விட்டுவிடு என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்களாம். நானும் வெட்கமில்லாமல் அதையே சொன்னேன்.

"கடல்ல மீனு நல்லா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்து, அதை நம்புனவுகளுக்கு நாளைக்கு மீனே இல்லாமப் போனா யாரு பதில் சொல்றது அண்ணாச்சி? திரும்ப அளக்கப் போறேன்."

அளந்தார், இன்னொரு முழு வருடம். பட்டம் தள்ளிப்போனது, கைக்கு வந்த வேலையொன்றும் போனது. புதிய அளவில் பெரும்பாலானவை முட்டையிடாத மீன்கள். மீனவர் கூட்டத்தில் எழுந்து நின்று அதை முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று சத்தம் போட்டவர்களே பிறகு வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமென்று அவரிடம் கேட்க வந்தார்கள்.

ஆய்வேட்டையும் என்னிடமே அச்சடிக்கக் கொடுத்தார். புரூஃப் பார்க்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். முதல் வருட அளவுகள் தவறானவை என்றும், அளவுத்தாளைச் சரிபார்க்காதது தன் பிழை என்றும் எழுதியிருந்தார். அச்சகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் பெயரைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சரிபார்க்க வேண்டியது என் வேலை. இருக்குறபடி அடிங்க" என்றார். அடித்தேன்.

அடக்கம் முடிந்து வந்து, இந்த அஞ்சலியை என் கையாலேயே கம்போஸ் செய்கிறேன். அந்த வரிக்கு ஒரு திருத்தம், முத்துச்செல்வி: பிழை உங்களுடையதல்ல, என்னுடையது. இந்த ஒரு தடவை உங்கள் பேச்சை மீறி அச்சடிக்கிறேன். போய் வாருங்கள்.