கனடா வானொலிக்குப் பெயர் கேட்கப் போன இடங்களில்

ஒருவரிடம் வயதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் நாற்காலியை நம் பக்கமாக இழுத்துப் போட்டு உட்காருவார் என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். அடுத்தவர் வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று காத்திருந்து பிழைக்கும் சக தொழிலாளிகள் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்குப் புரியும்.

வாய் மூடத் தெரிந்தவர்

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுவதுதான் என் பழைய வேலை. மலாக்காவில் நான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத கோயில் குறைவு. வயதானபின் ஏணி ஏற முடியாமல் நிறுத்திவிட்டேன். பாச்சாங்கில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய சித்தப்பா மகன் கனடாவில் ஒரு நகரத்தில் உள்ளூர்த் தமிழ் வானொலி நடத்துகிறார். அறிவிப்பாளரும் அவரேதான்.

உலகத்தில் தமிழர்கள் இருக்கும் ஊர்களிலிருந்து, ஆளுக்கு ஒரு பெயர் வந்த கதையை ஒலிபரப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஐந்து நிமிடக் கதை, பிறகு நேயர்கள் தொலைபேசியில் வருவார்கள். அங்கே சனிக்கிழமை இரவு, நமக்கு ஞாயிறு காலை. மலாக்கா பக்கம் கதை பிடித்து அனுப்ப டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன், பள்ளிக்கூடமும் ஆறாம் வகுப்போடு சரி, வேறு யாராவது பேச்சாளரைப் பாருங்கள் என்றேன். டீச்சர் சொன்னது:

"கதைக்கிறதுக்கு எங்களிட்ட ஆக்கள் கனபேர் இருக்கினம். வாயை மூடிக்கொண்டு கேக்கிற ஆள்தான் இல்லை."

ரேடியோத் தமிழ்

முதலில் கோலா சுங்கை பாருவுக்குப் போனேன். அங்கே கருவாடு விற்கும் ஓர் அம்மாளுக்கு மழைராணி என்று பெயர். கூரை ஒழுகி வீட்டில் இருந்த எல்லாச் சட்டியும் தரையில் நிரம்பி நின்ற நேரத்தில் பிறந்தாராம். பிள்ளையைக் குளிப்பாட்டச் சட்டி இல்லாமல் அவர் அப்பா வீடு வீடாக ஓடியதை அந்த அம்மாள் நடித்தே காட்டினார். கடைக்கு வந்த மலாய்க்காரப் பெண், மொழி புரியாவிட்டாலும், நின்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் அவசரமாகப் பதிவுக் கருவியைத் தட்டி ஓடவிட்டேன். அம்மாள் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அனைவருக்கும் வணக்கம். எனது பெயர் மழைராணி. நான் மலாக்கா மாநிலத்தில் பிறந்தேன். நன்றி, வணக்கம்" என்று முடித்துவிட்டார். சட்டியையும் காணோம், அப்பாவையும் காணோம். முன்னே பேசினது மாதிரியே பேசுங்கள் என்று நான் கெஞ்சியதற்கு அவர் சொன்னது:

"சும்மா வீட்ல பேசுற மாதிரி பேசுனா கெனடாகாரங்க நம்மள என்ன நெனப்பாங்க? போங்கண்ணே, வெக்கமா இருக்குலா!"

மட்டம் போடும் மாணவன்

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குப் பத்திரத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருப்பது சாதாரணம். அலோர் காஜா பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநரைப் பிடித்தேன். வீட்டில் அவர் ராஜா. பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயரை எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பிள்ளையிடம் சொல்ல எல்லாரும் மறந்துபோனார்கள்.

முதலாம் வகுப்பில் ஆசிரியை தினமும் "சின்னப்பன், சின்னப்பன்" என்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ராஜாவும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கதவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா என்று கேட்டேன்.

"எங்க வர்றது? 'அந்தப் பய ரொம்ப மட்டம் போடுறான் டீச்சர், ரோத்தான் அடி குடுங்க'ன்னு நானே போய் சொன்னேன்லா!"

எல்லாருக்கும் ஒரே தகப்பன்

பேசினவர்களுடைய முழுப் பெயரையும் அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுதி அனுப்புவேன். நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நம் பெயர், பிறகு மகன் அல்லது மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், பிறகு அப்பா பெயர். ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. ஒருநாள் கனடாவிலிருந்து அறிவிப்பாளர் கூப்பிட்டார். குரலில் பெரிய கவலை. "ஐயா, உங்கட ஊரில ஆம்பிளையள் எல்லாரும் ஏ.எல்., பொம்பிளையள் எல்லாரும் ஏ.பி. எண்டு இருக்கு. ஒரே குடும்பத்துக்குள்ளயே ஆள் பிடிக்கிறீங்களோ?"

விளக்கினேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கடைசியில் நிற்பது அப்பாவின் சொந்தப் பெயர் என்றேன். அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப இஞ்ச வாற உங்கட பொம்பிளைப் பிள்ளையள் பாவங்கள் ஐயா. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் தகப்பன்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கள்."

தானாக வந்த ஆள்

இதுவரை அறுபத்திரண்டு பேரிடம் கதை வாங்கியிருக்கிறேன். அறுபத்தோரு பேரை நான் தேடிப் போனேன். ஒருவர் மட்டும் என்னைத் தேடி வந்தார். உம்பாய் என்ற கடலோர ஊரில் மீன் சுட்டு விற்கும் ஸ்டாலில் அடுப்பு வேலை செய்கிறவர். பெயர் குப்பன். அவர் தெருக் கோயிலுக்கு நான் மைக் கட்டிய பழக்கம். மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "என் பேர கெனடா ரேடியோல போடுங்கண்ணே" என்றார்.

அவருடைய ஒரே மகள் கலைவாணி அந்த வானொலி இருக்கும் நகரத்திலேயே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறாள். "எல்லாரும் மிஸ் குப்பன், மிஸ் குப்பன்னுதான் கூப்பிடுறாங்களாம். வெள்ளக்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கூட வேல பாக்குற தமிழ்ப் பொண்ணுங்கதான் சிரிக்குதுங்களாம். 'அத எடுத்துறப் போறேன்ப்பா, கோவிச்சுக்காதீங்க'ன்னு போன்ல சொன்னா. சரிம்மான்னுட்டேன்."

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மகளுக்கு அவர் சொன்னதே இல்லையாம். சனிக்கிழமை இரவு சமைக்கும்போது அவள் இந்த வானொலியைத்தான் வைப்பாள், நம்ம ஊர்க் குரல் வரும் என்று. அவர் சொன்ன கதையைக் கேட்டு முடித்தபின் நான், "நேராகப் போன் போட்டுச் சொல்லிவிடலாமே" என்றேன். குப்பன் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"போன்ல சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கும்ணே. ரேடியோல சொன்னா செய்தி மாதிரி இருக்கும்."

ஒரு நிமிடம்கூட இல்லை

மறுநாள் ஸ்டாலின் பின்புறம் பதிவு செய்தேன். அவர் கருவியைப் பார்த்துக் கூச்சப்படவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் பேரு குப்பன். எனக்கு முன்ன எங்கம்மாவுக்கு மூணு பிள்ள தங்கல. நான் பொறந்ததும் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால குப்ப மேட்டுல கொண்டு போட்டாங்க. பக்கத்து வீட்டம்மா தூக்கிட்டு வந்து, 'குப்பையில ஒரு பிள்ள கெடக்கு, யாருக்காச்சும் வேணுமா'ன்னு வாசல்ல நின்னு கேட்டாங்க. எங்கம்மா ஒரு பால்டின் அரிசி அளந்து குடுத்து என்னை வாங்குனாங்க. யாருக்கும் வேணாத பிள்ளன்னு எமனும் கண்டுக்காம போய்ட்டான். பேரு அப்படியே நிலைச்சுருச்சு. அவ்ளோதான்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஐந்து நிமிட இடத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. அப்படியே அனுப்பினேன். அறிவிப்பாளர் உடனே கூப்பிட்டு, "கொஞ்சம் அழுது கிழுது சொல்லச் சொல்லுங்கோவன் ஐயா, இஞ்ச சனம் உருகும்" என்றார். அழத் தெரிந்தவர் என்றால் முதலிலேயே அழுதிருப்பார், நான் போய்ச் சொல்லமாட்டேன் என்று மறுத்தேன். அவருக்குக் கோபம், எனக்கும் கோபம். அந்த வாரத்துக்கு வேறு ஊர்க் கதையைப் போடுகிறேன் என்றார். மகள் எந்த வாரம் பெயர் மாற்றும் விண்ணப்பப் பாரத்தைக் கொடுப்பாள் என்று தெரியாதே என்று எனக்குப் பயம். வழக்கு டீச்சரிடம் போயிற்று. டீச்சர் பதிவை ஒருமுறை கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கனடாவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தாள் சொன்னதே காணும், கூட ஒண்டும் வேண்டாம். மிச்ச நேரத்துக்கு ரெலிபோனை எடு."

மரியாதைக்குச் சேர்த்தது

ஞாயிறு காலை உம்பாய்க்குப் போனேன். ஸ்டால் மாலையில்தான் திறக்கும். குப்பன் மட்டும் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். போனில் வானொலியை வைத்து மிளகாய் டப்பாமேல் சாய்த்தேன். விளம்பரம், பனி பற்றிய செய்தி, இன்னொரு விளம்பரம். பிறகு அறிவிப்பாளர் குழைவான குரலில், "அடுத்ததாக மலேசியாவிலிருந்து திருவாளர் குப்புசாமி அவர்கள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் பேரு குப்பன்" என்ற முதல் வரியையும் வெட்டியிருந்தார்கள். மூத்த மனிதரை வெறும் குப்பன் என்று சொல்ல அறிவிப்பாளருக்கு வாய் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. என் மைக் செட் வாழ்க்கையில் இப்படி ஒருநாளும் ஒயரைப் பிடுங்கி எறியவேண்டும் போல் இருந்ததில்லை. குப்பன் கையில் கத்தி மட்டும் நின்றது. தன் குரல் முடியும்வரை கேட்டுவிட்டு மறுபடியும் சுரண்டத் தொடங்கினார்.

முதல் தொலைபேசி ஒரு பெண். "அண்ணா, சாரி. இப்ப பேசுனவரு பேரு குப்புசாமி இல்ல. குப்பன்." நம்ம ஊர்ப் பேச்சு.

"ஓம் தங்கச்சி, ஒரு மரியாதைக்குத்தான் சாமி சேர்த்தனான்" என்றார் அறிவிப்பாளர்.

"சாமின்னு வச்சிருந்தா எமன் நல்ல பிள்ளன்னு தூக்கிட்டுப் போயிருப்பான்லா! எடுத்துருங்கண்ணா."

அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். "சரி சரி, எடுத்தாச்சு. நீங்கள் ஆர் கதைக்கிறது?"

சத்தம் இல்லை. வானொலியில் சத்தம் இல்லாத நேரம் எவ்வளவு நீளம் என்பது, மைக் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"கலைவாணி குப்பன்."

கேட்காத கேள்வி

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஸ்டாலில் நல்ல கூட்டம். குப்பன் புகைக்கு நடுவே வாழையிலையில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகள் அன்று இரவே போன் செய்து நெடுநேரம் பேசினாளாம். பாட்டியைப் பற்றி, லயத்தைப் பற்றி, பால்டின் எவ்வளவு பெரிது என்பதுவரை கேட்டாளாம்.

எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. பாரத்தைக் கொடுத்துவிட்டாளா இல்லையா, பத்திரத்தில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். குப்பன் அடுத்த மீனை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"நான் கேக்கலண்ணே. கேட்டா எனக்காக வச்சுக்குவா."

பெயர் எப்படி வந்தது என்று கேட்கத்தான் என்னை அனுப்புகிறார்கள், சக தொழிலாளிகளே. அது நின்றதா போனதா என்று கேட்காமல் வீடு திரும்புவதற்குத்தான் நான் இன்னும் பழக வேண்டியிருக்கிறது.