மஞ்சள் அடைத்த துளை

அஸ்தம்பட்டியில் மகள் நடத்தும் கிளினிக்குக்குப் போன வாரம் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு வந்தது. மேல்மூடியைப் பெட்டி மாதிரித் திறக்கலாம். என் விரல் தானாக அடித்தளத்தில் இருக்கும் நீள்வட்டத் துளையைத் தேடிப் போயிற்று. முகர்ந்து வேறு பார்த்தேன், மகள் சிரித்தாள். மஞ்சள் வாசனை இல்லை. எப்படி இருக்கும்?

மஞ்சள் என்றதும் புதுச்சத்திரத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஓர் அம்மாதான் நினைவுக்கு வருகிறார். யுத்த காலம். பெரிய டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட, ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவு சின்ன டாக்டரான என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது கத்தியைவிட மீசையில்தான் கவனம் அதிகம். அந்த அம்மா இடக் கன்னத்தில் மட்டும் மஞ்சள் பூசி வந்தார். வலக் கன்னத்தைத் தொட்டால் உயிர் போகிற வலி. இரண்டு வருஷமாகத் தண்ணீர்கூடப் படவிடவில்லையாம். களியை மெல்ல முடியாமல் எலும்பாகியிருந்தார்.

"இப்படியே உட்டுட்டீங்கன்னா நான் கெணத்துல உழுந்துருவேனுங்க சாமி," என்றார்.

வழி ஒன்றுதான். கன்னத்தில் ஊசியை ஏற்றி, மண்டையோட்டின் அடியில் தாடை நரம்பு இறங்கிவரும், கண்ணுக்குத் தெரியாத அந்த நீள்வட்டத் துளைக்குள் நுழைத்து, நரம்பில் ஆல்கஹாலைச் சொட்டவிட வேண்டும். கொஞ்சம் பின்னால் தவறினால் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய். பெரிய டாக்டர் செய்து பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

அலமாரியில் ஒரு மண்டையோடு இருந்தது, யாருமற்று இறந்த ஒருவனுடையது. நீள்வட்டத் துளையில் குழைத்த மஞ்சளை அடைத்தேன். ரத்தக் குழாயின் வழியில் குங்குமத்தை. மேலே தேன்மெழுகில் ஒரு கன்னம் வைத்துக் குத்திப் பழகினேன். ஊசி மஞ்சளோடு வந்தால் அந்த அம்மா பிழைத்தார். சிவப்பென்றால் நான் கொன்றுவிட்டேன்.

"ஏனுங்க, நம்மூட்டுக் குங்குமத்த எறும்பா திங்குது?" என்று மனைவி சிமிழைக் காட்டிக் கேட்டாள். மண்டையோட்டுக்கு என்று சொல்லாமல் கடையில் புதுப் பொட்டலம் வாங்கி வந்தேன். நான்கு நாளில் பதினோரு தடவை சிவப்பு.

ஐந்தாம் நாள். அந்த அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். ஊசி எலும்பில் முட்டியது. இழுத்து, மறுபடி. சட்டென்று வழுக்கி உள்ளே போயிற்று.

"அய்யோ, தாடையிலிங்க!" என்று அலறினார்.

அந்த அலறல்தான் மஞ்சள். சரியான நரம்பு. ரத்தம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

ஒரு மாதம் கழித்து இரு கன்னத்திலும் மஞ்சளோடு வந்தார். "ஆரோட கன்னத்துக்கோ பூசறாப்பல மரத்துக் கெடக்குதுங்க. கெடந்துட்டுப் போகுது, களி திங்கிறனுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாற்றலாகிப் போன அவசரத்தில் நான் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. பல வருஷம் கழித்துப் போய்க் கேட்டபோது, மண்டையோட்டைப் பழைய சாமான்களோடு எங்கோ புதைத்துவிட்டோம் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதனை, அந்த அம்மாவுக்குப் பதிலாக, பதினோரு தடவை கொன்றிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கும்பிடத் தோன்றவில்லை.