கிரேனை விட்டு இறங்காதவன்

போன சனிக்கிழமை மகள் ஒரு தடித்த மங்கா புத்தகம் வாங்கி வந்தாள். ஜப்பான் பாணிப் படக்கதை. வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திறந்தேன். "பின்னாடியிருந்து ஓப்பன் பண்ணணும்ப்பா" என்று பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். மங்கா வரைந்தவனுக்கே பாடம். புது மை வாசனை அடித்தது. அந்த வாசனை வந்தால் போதும், ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த ட்ராயிங் ஆபீசில், பெரிய பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் அது. ரூம் பக்கத்து ஊரான அஜ்மானில், வாடகை குறைவு என்பதால். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் வசந்தன், யாழ்ப்பாணத்துக்காரன், அதே ஆபீஸ். பஸ்ஸில் டிராபிக்கில் கிடக்கும் நேரமெல்லாம் பழைய மங்கா படிப்பான். ஒருநாள் சொன்னான்: "மச்சான், நீ கதையைச் சொல்லு, நான் கீறுறன்." கீறுவது என்றால் அவன் ஊரில் வரைவது.

கதை என்னிடம் இருந்தது. ஒரு கிரேன் ஆபரேட்டர், பெயர் ராசு. உச்சியில் உள்ள கேபினைவிட்டு இறங்கவே மாட்டான். சாப்பாடு மஞ்சள் பையில் கயிறு கட்டி மேலே போகும். ஊர்ச்சண்டை, லீவு லெட்டர், கபீல் என்கிற அரபி முதலாளியின் கோபம் எல்லாவற்றையும் அங்கிருந்தே தீர்த்து வைப்பான். நான் பென்சிலில் போட்டுக் கொடுப்பேன், வசந்தன் மையில் ஏற்றுவான். தாளுக்குப் பஞ்சமில்லை, ஆபீசில் ரிஜெக்ட் ஆன வரைபடங்களின் பின்பக்கம் எங்களுக்குத்தான். எகிப்துக்கார இன்ஜினியர் ஒருவர் ஒரு தாளை எடுத்து, தடுமாறாமல் வலமிருந்து இடமாகப் பார்த்துச் சிரித்தார். அரபி படிக்கிறவருக்கு அதில் என்ன கஷ்டம்? வரைந்த நாங்கள்தான் கட்ட வரிசையை மாற்றிப் போட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் என் கிறுக்குத்தனம். வரைபடத்தின் கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர். கடைசிக் கோட்டைப் போட்டவன் வரைந்தவன். சொல்லிக் கொடுத்துத் திருத்தியவன் சரிபார்த்தவன். அதுதான் ஆபீஸ் வழக்கம். கை சும்மா இருக்குமா? எங்கள் மங்காவின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே கட்டத்தைப் போட்டேன். வரைந்தவர் வசந்தன், சரிபார்த்தவர் நான். என் கையாலேயே எழுதினேன்.

ஒருநாள் வசந்தன் கேட்டான்: "ஏன்டா இவனை ஒருக்காவும் இறக்கிறாய் இல்லை?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். என் அண்ணன் சவூதியில், யான்புவில் கிரேன் ஓட்டினான். டூட்டி முடிந்து இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கிவிட்டது. ஊருக்கு வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நான் பார்க்கவே இல்லை. அதனால் ராசுவுக்கு அந்த முகத்தைக் கொடுத்தேன், முன்பல்லில் பாதி உடைந்தது உட்பட. "அவன் இறங்கவே கூடாதுடா" என்றேன். வசந்தன் மைப்பேனாவைக் கீழே வைத்தான். பிறகு, "சரி மச்சான், இறக்கமாட்டன்" என்றான். அன்றைக்கு அவனைக் கூடப்பிறந்தவன் என்றே நினைத்தேன்.

அவன் வேலை மாறி தோஹா போனபோது தாள்களைக் கேட்டான். கட்டோடு கொடுத்தேன். பிறகு தொடர் இணையத்தில் வந்தது, ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்தது, அவன் பெயரில் மட்டும். வலித்தது. பெயர்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மனைவி திட்டினாள். அவள் சொன்னது சரிதான்.

மகள் வாங்கி வந்தது அதன் அடுத்த கட்டம். பன்னிரண்டு விருந்தினர் ஓவியர்கள் ராசுவை வைத்து ஆளுக்கொரு கதை வரைந்த தொகுப்பு. மகள் முன்னுரையை வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, இது நம்ம பெரியப்பா ஸ்டோரி இல்ல?"

வாங்கிப் பார்த்தேன். 'யான்புவில் கிரேன் ஓட்டிய என் அண்ணன்' என்று வசந்தன் எழுதியிருந்தான். ஏணி, பெட்டி எல்லாம் இருந்தது. அதனால்தான் தன் ராசு இறங்குவதே இல்லையாம். துக்கம் ஆறிவிட்டதால் இந்த முறை இறக்க அனுமதித்தானாம். மூன்று தங்கைகளுக்கு மூத்தவன் அவன். அவனுக்கு அண்ணனே கிடையாது.

போன் போட்டேன்.

"மச்சான், ஏன் இறங்குறான் இல்லை எண்டு எல்லாரும் கேட்டவங்கள்" என்றான். "நீ சொன்னதுதான் வாயில வந்திட்டுது."

"என் அண்ணன்டா அவன்."

"ராசு என்ர ஆள் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும். பழைய தாளிலயும் கீறினது நான் எண்டுதானே கிடக்கு. நீதானே எழுதினாய்."

கலாஸ். முடிந்தது கதை. வைத்துவிட்டேன்.

அஜ்மானில் அந்த ரூம் இருந்த கட்டடம் இப்போது இல்லை. இடித்து உயரமாக வேறு எழுப்புகிறார்கள், பெரிய கிரேன் நிற்கிறது. பஸ் நிறுத்தத்தையும் நகர்த்திவிட்டார்கள். என்னிடம் ஒரு தாள்கூட மிச்சமில்லை.

மகள் தூங்கப் போன பிறகு புத்தகத்தைச் சரியாகப் பின்னாலிருந்து திறந்து முழுவதும் பார்த்தேன். ஒருவர் ராசுவைக் கடற்கரைக்கு இறக்கியிருந்தார், ஒருவர் கல்யாணத்துக்கு. ஏணியில் இறங்கும் படம் வந்த இடமெல்லாம் வேகமாகப் புரட்டினேன். ஆளுக்கொரு முகம் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு முகத்திலும் தேடினேன். எல்லாருக்கும் பல் முழுசாக இருந்தது.