முப்பத்துமூன்று என்று நான் சொன்னேன்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு திருத்தங்கலில், நான் பாடம் நடத்தும் பள்ளி வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் வந்து முழங்கால் வீங்கிய பிறகுதான் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன்.

வாங்கிய வாரமே, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் ஒட்டியிருக்கும், எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்ற சீட்டைப் படித்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் போனால் நான்கு டயருக்கும் முப்பத்துமூன்று. ஆளும் சாமானும் நிறைய இருந்தால் பின் டயர் இரண்டுக்கும் முப்பத்தாறு. இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை.

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிப்பவரிடம், "முப்பத்திமூணு வைங்கண்ணே" என்றேன். அவர் குனிந்து எனக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"சார் வரலையா டீச்சர்?"

"சார் எதுக்கு? எம்புட்டு வைக்கணும்னு நாந்தான் சொல்லுதேனே."

"இல்ல டீச்சர், வெயில் காலம். அம்புட்டு வச்சீகன்னா ரோட்டுல போகையில டயர் வெடிச்சிரும். இருபத்தாறு போதும்."

வெடிக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஊரெல்லாம் பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. அதற்காக இன்றுவரை என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. காற்று குறைந்தால்தான் டயர் அமுங்கிச் சூடாகும், ஆபத்து அதில்தான் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அறிவியல் நடத்துகிறவள் நான்.

வண்டி சேற்றில் போவது போலப் போனது. பெட்ரோல் வேகமாகத் தீர்ந்தது. அச்சாபீசில் மெஷின் பார்க்கும் என் கணவர் அதைக் கவனித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாற்பது வைத்துக்கொண்டு வந்தார்.

"கதவுல முப்பத்திமூணுன்னுல்ல போட்டிருக்கு" என்றேன்.

"கம்பெனிக்காரன் ஆயிரம் போடுவான். அவனா வந்து பெட்ரோல் போடுதான்? காத்து கெட்டியா இருந்தாத்தான் வண்டி உருளும்."

மைலேஜ் கொஞ்சம் கூடியது உண்மைதான். ஆனால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரிந்தது. கோவிலுக்குப் போகும்போது பின்சீட்டிலிருந்து என் மாமியார், "ஏம்மா, இப்படித் தூக்கித் தூக்கிப் போடுதே, பாத்து ஓட்டக் கூடாதா?" என்பார். நாற்பது வைத்த மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நான் முப்பத்துமூன்று என்று சொல்லச் சொல்ல, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரே நாற்பது பிடித்து வந்தார்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த சாயங்காலம், பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகமாகக்கூடப் போகவில்லை. ஒரு திருப்பத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் அது பாட்டுக்குப் போய், ரோட்டோரச் சேற்றில் இறங்கி, கருவேல முட்புதரில் மோதி நின்றது. ஆடுகள் தப்பின. எனக்கும் அடி இல்லை.

பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வேனுக்காக நின்ற பெண்கள் ஓடிவந்தார்கள். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். பைக்கில் அந்த வழியாக வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "பொம்பளையாள் கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளுவதற்கு அவர் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கேட்டது, "பிரேக்க ஒரே அமுக்கா அமுக்குனியா?"

மறுநாள் நான் பள்ளிக்கு லீவு போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முன் டயரில் கையை வைத்துத் தடவினார். நடுவில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு, தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இரண்டு ஓரமும் புதுசு போல இருந்தன.

"காத்து ரொம்ப ஏத்தி ஓட்டியிருக்கீக சார். நடு மட்டுந்தான் ரோட்டுல பட்டிருக்கு. மழத் தண்ணியில பிடிமானம் எங்கன இருக்கும்? டீச்சருக்குத் தெரியாது, நீங்களாச்சும் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல."

என் கணவர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வச்சது அவுகதான்" என்றேன். "நான் முப்பத்திமூணு வைக்கச் சொன்னேன். ஒரு வருஷமா சொல்லுதேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அப்புறம் ஜாக்கியை எடுக்கப் போய்விட்டார்.

நான்கு டயரையும் மாற்றினோம். அன்றைக்கே காற்று அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றும், காரிலேயே செருகி ஓட்டும் பம்ப்பும் வாங்கினேன். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே நானே அளந்து வைக்கிறேன். குடும்பத்தோடு விருதுநகர் போகிற நாளில் பின் டயருக்குக் கொஞ்சம் கூட்டுகிறேன். ரோடு இடுப்பில் தெரிவதில்லை. மழையிலும் மிதித்த இடத்தில் வண்டி நிற்கிறது.

தப்பு தன் பேரில்தான் என்று கணவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மைலேஜ் லேசாக் கொறையுது" என்றார்.

"கொறையட்டும்" என்றேன். சட்டியில் மிச்சமிருந்த குழம்பை நானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.