ஒரு பக்கம் மட்டும் கேட்ட பாட்டு

உங்கள் மாமா பாட்டு போட்ட கதையை நானே எழுதி வைத்துவிடுகிறேன். அவன் சொன்னால் என் முட்டாள்தனத்தை மட்டும் பெரிதாக்கிச் சொல்லிச் சிரிப்பான்.

உங்களில் மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம் அது. மட்டாஞ்சேரியில் வாடகை வீடு. எனக்கு வெலிங்டன் தீவில், கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டு வேலை. உங்கள் மாமாவுக்குப் பள்ளுருத்தியில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஒருநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். ஒன்பது பாட்டு, ஒரே கதை. சுமட்டுத் தொழிலாளி ஒருத்தனின் ஒரு மழைக்காலம். பாடுவது இல்லை, மெதுவான தாளத்துக்கு மேலே பேசிக்கொண்டே போவது. ஹிப்ஹாப் என்றான். கடையிலேயே பதிவு செய்ததாம்.

"நீங்க கிடங்குல நிக்கிற ஆளு அத்தான். நீங்க சரின்னா சிடி போடுவோம். இல்லேன்னா வேண்டாம். சனிக்கிழமை ஆறு மணிக்கு முதலாளி எல்லாத்தையும் அழிச்சுருவாரு. கல்யாண சீசன், கம்ப்யூட்டர்ல எடமில்ல."

அலமாரி மேலிருந்த டேப் செட்டில் போட்டுக் கேட்டேன். அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வரி பேசுவான், நிறுத்திவிடுவான். கொஞ்ச நேரம் வெறும் கொட்டு. பிறகு மறுபடி பேசுவான். ஒன்பது பாட்டும் அப்படித்தான். புதன்கிழமை கடைக்குப் போய், பாதி நேரம் நீ சும்மா இருக்கிறாய், சனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அவன் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தான், தன் டம்ளரைத் தொடவே இல்லை.

ஆனால் அந்தத் தாளம் என்னை விடவில்லை. வேலைக்குப் படகில் போகும்போது கால் தானாகத் தட்டியது. வீட்டுக்கு வந்தால் கை தானாக செட்டைப் போட்டது. கேட்கக் கேட்க ஏதாவது புதிதாகக் கிடைத்தது. ஒரு பாட்டில் ரொம்பப் பின்னால் படகு மணி கேட்டது. இன்னொன்றில் அவன் இருமுகிறான், மூன்று பாட்டு தள்ளி அதே இருமலுக்கு மருந்து வாங்குகிறான். முதலில் இதெல்லாம் என் காதில் விழவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டில் அவன், "அதான் இல்லேன்னு சொன்னேனே" என்றான்.

"என்னங்க, இவன் யாருக்கோ பதில் சொல்றானே. கேட்டது யாரு?" என்றாள் அம்மா.

நான் செட்டை இறக்கினேன். வலது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வயர் கழன்றிருக்கிறது. ரேடியோ செய்தி கேட்க ஒரு பக்கம் போதும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. வயரை விரலால் அழுத்தினேன். ஒரு பெண் குரல் வந்தது.

உடனே முதலிலிருந்து போட்டேன். இடது பக்கம் அவன், "மழைக்கு முந்தி மூட்டை ஏத்து, மழைக்குப் பிந்தி முதுகைத் தேய்" என்கிறான். வலது பக்கம், கதையில் வரும் அவன் பெண்டாட்டி, "முதுகைத் தேய்க்க ஆளு இருக்கு, முகத்தைப் பாக்க நேரம் இருக்கா?" என்கிறாள். நான் வெறும் கொட்டு என்று நினைத்த இடத்திலெல்லாம் அவள் இருந்தாள். சண்டை போட்டாள், கேலி செய்தாள், ஒரு பாட்டில் அழுதாள். வயரை விட்டால் அவள் போய்விடுவாள். என் கை மரத்தபோது உங்கள் அம்மா மீன் கையோடு வந்து பிடித்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு முடிந்தபோது மணி ஐந்து.

பூத்துக்கு ஓடிக் கடைக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. இன்டர்நெட் போட்டால் அந்தக் கடையின் போன் செத்துவிடும். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டைப் அடிக்கும் பெண். அவள் வாயைத் திறந்ததுமே குரல் தெரிந்துவிட்டது.

"அழிச்சுட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல. எதுக்கு?"

ஸ்பீக்கர் கதையைச் சொன்னேன். "மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல அத்தான்" என்றான். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னை மொத்தமா விட்டுட்டு மார்க்கு போட்டிருக்கீங்க சேட்டா" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. "இப்போ முழுசா கேட்டாச்சுல்ல? கிடங்குக்காரரா சொல்லுங்க, சரியா இருக்கா?"

முதலில் கேசட்டைக் கொடுத்து என்னிடம் கேட்டதும் வெறும் மரியாதைக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நன்றாக இருக்கிறது, சிடி போடு என்றேன். ஆனால் நாலாவது பாட்டில் ஒரு தப்பு. கொட்டுகிற மழையில் அவன் அரிசி மூட்டை தூக்குகிறான். மழையில் அரிசியை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"பின்ன என்ன செய்வீங்க?"

"கதவை அடைச்சுட்டு உள்ள உக்காந்திருப்போம். அன்னைக்குக் கூலி பாதியாகும். அதை வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டிருப்பான்."

அவன் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டான். நாலாவது பாட்டை மறுபடி பதிவு செய்ய அந்தப் பெண் மைக்கை இழுத்துத் தன் முன்னால் வைத்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, மணி ஆறாகப் போகிறது என்றார். உங்கள் மாமா திரும்பிப் பார்க்காமலே, ஏழு மணி வரை கடை எங்களுக்கு வேண்டும் என்றான்.